கூரையைத் தொடாதே

என்னை வீட்டை விட்டுக் கிளப்ப வீட்டுக்காரர் ட்ரஸ்காட் கண்டுபிடித்த காரணம் ஒரு ரக்கூன். இருபத்திரண்டு வருடம் நாள் தவறாமல் வாடகை கொடுத்தவளை வேறு எப்படித்தான் வெளியேற்றுவது? கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி கட்டியது போலிருக்கும் அந்தப் பூனை அளவு காட்டு மிருகம் பரணில் குடியேறிவிட்டதாம், குளிருக்காகப் பரப்பியிருந்த பஞ்சு முழுக்க நாசமாகிவிட்டதாம், வீடு மனிதர் வாழ லாயக்கில்லையாம். ஆகவே சமையலறை, மின்கம்பி, சுவர் மூன்றையும் புதிதாக்க வேண்டும், அதற்கு நீ காலி செய்ய வேண்டும் என்று ஏப்ரல் கடைசியில் நோட்டீஸ் வந்தது. வேலை முடிந்ததும் திரும்பி வந்துகொள்ளலாம் என்று ஒரு வரி. அதுவரை கூரையைத் தொடாதே, அது என் சொத்து என்று கடைசி வரி.

அவர் இந்த வீட்டை வாங்கி நாலு வருடம்தான் ஆகிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பதை ரக்கூனைப் பார்த்துச் சொல்வதா, ட்ரஸ்காட்டைப் பார்த்துச் சொல்வதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டீஸை அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் ஜூன் பன்னிரண்டாம் தேதி வாடகை வாரியத்தில் விசாரணை என்று அதில்தான் எழுதியிருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்களுடையது இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு செங்கல் சுவர், இந்தப் பக்கம் நாற்பத்து மூன்றாம் எண்ணில் நான், அந்தப் பக்கம் நாற்பத்தொன்றில் குவால்டர் ஃபுர்தாடோ. கனடாவின் ஹாமில்டனில், எஃகு ஆலைப் புகை வந்து படிகிற எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். குவால்டர் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவன், நாற்பது வருடம் ஊரிலுள்ள கூரையெல்லாம் ஏறி வேய்ந்தவன். போன வருடம் மார்ச்சில் அவனுக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. அப்போது ரக்கூன் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பழைய வீடு என்பதுதான் காரணம். ஆனால் சமையலறை, மின்கம்பி, சுவர் என்று அதே மூன்று வேலை. ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன், திரும்பி வா என்று ட்ரஸ்காட் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதை நம்பி இரண்டு பெட்டியோடு மலை மேலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனவன், பதினான்கு மாதமாக அங்கே நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பதினான்கு மாதத்தில் சுவருக்கு அப்பால் ஒரு சுத்தியல் சத்தம் நான் கேட்டதில்லை. ஜன்னலெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டி, வாசலில் ‘புதுப்பிப்பு வேலை நடைபெறுகிறது’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தார். அவ்வளவுதான் நடந்த வேலை. யாரிடம் சொன்னாலும், கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார்கள். செங்கல் சுவரைத் தாண்டிப் பார்க்க எனக்கென்ன ஞானக்கண்ணா இருக்கிறது?

ரக்கூன் விஷயத்தில் முழு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் அது வந்தபோது கூரை விளிம்பில் இரண்டு முஷ்டி அளவுக்குத்தான் ஓட்டை. நான்தான் ட்ரஸ்காட்டுக்குப் போன் செய்தேன். அவர் ஏப்ரல் மூன்றாம் வாரம் சாவகாசமாக வந்து, அது வெளியே போயிருந்த நேரத்தில் ஒரு பலகையை வைத்து நாலு ஆணி அடித்துவிட்டுப் போனார். உள்ளே பிறந்து சில நாளே ஆன குட்டிகள் இருந்தன. பெற்றவள் சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலமே பலகையைப் பிடுங்கி எறிந்தாள். சுற்றியிருந்த தார் அட்டைகளை வாழைத்தோல் மாதிரி உரித்தாள். ஒரு ஆள் தலையை விட்டுப் பார்க்கிற அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டாள். மறுநாள் ட்ரஸ்காட் வந்தார், அடைப்பதற்கல்ல, போட்டோ எடுப்பதற்கு.

ரக்கூனை விரட்ட முதலில் நான் செய்தது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். பரணில் ரேடியோவை வைத்து, ஹாக்கி ஆட்ட வர்ணனையை உச்சக் குரலில் அலறவிட்டேன். மூன்று நாள் கழித்து மூடியைத் திறந்து பார்த்தால், முகமூடிக்காரி ரேடியோமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் அணி தோற்றுப்போன அன்றைக்கு அழுதது நான் மட்டும்தான். அதற்குமேல் பொறுக்க முடியாமல் குவால்டருக்குப் போன் போட்டேன்.

“குட்டி சத்தம் கேக்குதா?” என்றான் எடுத்த எடுப்பில்.

“கீச்சு கீச்சுனு உயிரை வாங்குது. அஞ்சாறு இருக்கும்.”

“அப்போ ஓட்டைய அடைச்சிடாத. அந்த முட்டாள் பண்ணின அதே தப்பு ஆயிடும். குட்டிய முதல்ல எடுக்கணும், அவ தானா வேற வீடு பாத்துப்பா. அவளுக்கு எப்பவும் கைவசம் ரெண்டு மூணு இடம் இருக்கும்.”

“நமக்குத்தான் ஒண்ணுகூட இல்ல.”

“வெர்னா, கூரையத் தொடாதன்னு எழுதியிருக்கானே, பயமா இல்லையா?”

“பயமா? நான் தொடத்தான் போறேன் குவால்டர். விசாரணை அன்னிக்கு ரக்கூனைக் காட்டித்தான அவன் பேசணும்? ரக்கூனே இல்லாம பேசட்டும், பாப்போம். நீ ஏணிய எடுத்துட்டு வா.”

மே மாதத்தில், விக்டோரியா நாள் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் வந்தான். ஏணி, கயிறு, கம்பி வலை, மகள் கொடுத்தனுப்பிய இனிப்பு ரொட்டி, வளையாத வலது முழங்கால், எல்லாவற்றோடும். நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவையில், கொதிக்கிற துணியை அள்ளும் தடித்த கையுறை என்னிடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு பரண் மூடியைத் தள்ளி மேலே ஏறினேன்.

அவள் உட்கார்ந்திருந்தாள். குட்டிகளுக்கு முன்னால், முதுகு மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் இறங்கிவிட்டால் மறுபடி ஏற எனக்குத் துணிச்சல் வராது.

“என்னை எதுக்குடி முறைக்கிற? எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. போ, போய் வெளிய நில்லு. உன் பிள்ளைங்கள ஒண்ணும் பண்ணிட மாட்டேன்” என்றேன்.

என் பேச்சைக் கேட்டோ, கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தோ, ஓட்டை வழியாக நழுவி வெளியே போனாள். ஐந்து குட்டிகள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை, ஒவ்வொன்றுக்கும் பிறந்தபோதே முகமூடி. ஒவ்வொன்றாகத் தலையணை உறைக்குள் எடுத்துப் போட்டபோது அவை போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். கீழே கொண்டுவந்து, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை வைத்த அட்டைப் பெட்டிக்குள் படுக்க வைத்தோம். இனி அந்தப் பெட்டியைக் கூரை மேல், ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். குவால்டரின் முழங்கால் ஏணியில் ஏறாது. நான்தான் ஏறியாக வேண்டும்.

என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கீழேயிருந்தே புகைபோக்கியைச் சுற்றி வீசி இழுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டான்.

“யோவ், இந்தக் கயிறு தாங்குமா?”

“நாப்பது வருஷம் என்னையே தாங்கியிருக்கு.”

“அப்போ நீ ஒல்லியா இருந்த.”

“நீ மட்டும் இப்போ என்ன… சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. ஏறு தாயி.”

ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாகக் கூரை ஏறினேன். பெட்டியை வைத்து, தாய் திறக்கிற மாதிரி, குட்டி திறக்க முடியாத மாதிரி மூடியைச் சாத்தினேன். பிறகு ஓட்டையில் குவால்டர் செய்து கொடுத்த ஒருவழிக் கதவைப் பொருத்தினேன். கம்பி வலைக் கதவு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து இழுத்தால் திறக்காது. “ஆணி வேணாம், ஸ்க்ரூ! ஆணிய அவ நகத்தாலயே பிடுங்கிடுவா!” என்று கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினான். அந்த நேரம் பார்த்துத்தான் ட்ரஸ்காட்டின் வெள்ளைக் கார் தெருவில் வந்து நின்றது.

“வெர்னா! அங்க என்ன பண்றீங்க? கீழ இறங்குங்க!”

“ஏணி இருக்கு மிஸ்டர் ட்ரஸ்காட். வந்து இறக்கிட்டுப் போங்க.”

“அது என் கூரை! கடுதாசி கிடைச்சுதா இல்லையா?”

“கிடைச்சுது. மழை பெய்ஞ்சா அது என் தலை. அதையும் கடுதாசில எழுதியிருக்கலாம்.”

அவர் முகம் சிவந்துபோயிற்று. குவால்டரைத் திரும்பிப் பார்த்தார். “உனக்கு இங்க என்ன வேலை? நீ இங்க குடியிருக்கிறவனே இல்ல.”

குவால்டர் கயிற்றை விடாமல் சொன்னான். “எப்போ திரும்பி வரலாம்னு கேக்க வந்தேன் சார். ஆறு மாசம்னீங்க.”

“வேலை நடந்துட்டிருக்கு. ரொம்ப வேலை” என்று சொல்லிவிட்டு, என்னை நோக்கி விரலை நீட்டினார். “ஜூன் மூணாந்தேதி நகராட்சி இன்ஸ்பெக்டரை வரச் சொல்லியிருக்கேன். வந்து பாத்து எழுதிட்டுப் போகட்டும். அப்புறம் தெரியும்.” கார் கிளம்பிப் போயிற்று. கூரைமேல் நின்றபடியே மீதி ஸ்க்ரூவை முடுக்கினேன், கோபத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று அதிகமாகவே.

சாயங்காலம் பின்கட்டில் நாற்காலி போட்டு, ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்து காத்திருந்தோம். எட்டரை மணி, இந்த ஊரில் மே மாதம் அப்போதும் வெளிச்சம் இருக்கும். முகமூடிக்காரி மேப்பிள் மரத்திலிருந்து கூரைக்குத் தாவினாள். பெட்டியை முகர்ந்தாள், மூடியை இரண்டு கையாலும் மனுஷியைப் போலவே தூக்கினாள். ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு கூரை உச்சியில் நடந்தாள். நடந்து, புகைபோக்கியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, நாற்பத்தொன்றின் விளிம்பில் இற்றுப்போயிருந்த பலகைக்குள் புகுந்து மறைந்தாள்.

குவால்டர் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் திரும்பி வந்து இரண்டாவதை எடுத்துப் போனாள். மூன்றாவதை, நாலாவதை, ஐந்தாவதை. கடைசிக் குட்டி உள்ளே போனதும் அவன் அந்த ஓட்டையைக் கைநீட்டிக் காட்டினான்.

“என் வீடு. அவளால போக முடியுது வெர்னா. என்னால முடியல.”

அவன் கண் கலங்கியிருந்தது. அவள் புகுந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குள் ஒரு யோசனை எழுந்து உட்கார்ந்தது.

“குவால்டர், உன் பழைய சாவி இருக்கா?”

“இருக்கு. எறிய மனசு வரல.”

“மூணாந்தேதி கொண்டு வா. அவன் எழுதிக் குடுத்த காகிதத்தையும். அதுவரைக்கும் வாயத் திறக்காத.”

மறுநாள் ஒருவழிக் கதவின் உள்பக்கம் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன். பரணுக்குள் இன்னும் எதுவும் இருந்தால் காகிதத்தைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மூன்று நாள் பார்த்தேன், காகிதம் வைத்தது வைத்தபடி இருந்தது. பிறகு மறுபடி கூரை ஏறி, கதவைக் கழற்றி, பலகையும் தடித்த கம்பி வலையும் வைத்து, இருபத்து நாலு ஸ்க்ரூ முடுக்கி, மேலே புதுத் தார் அட்டை ஒட்டினேன். கூரையை உரசிக்கொண்டிருந்த மேப்பிள் கிளையையும் அறுத்துவிட்டேன். நாறிப்போன பஞ்சை முகத்தைக் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாக அள்ளி வெளியேற்றினேன். கை முழுக்கக் கொப்புளம். அத்தனை சந்தோஷமான கொப்புளம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஜூன் மூன்றாம் தேதி காலை இன்ஸ்பெக்டர் வந்தாள். அம்ரா ஹோஜிச் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். கூடவே ட்ரஸ்காட், கையில் போட்டோக்கள் அடங்கிய உறை. அம்ரா பரணில் ஏறி விளக்கடித்துப் பார்த்தாள், வெளியே வந்து கூரையைப் பார்த்தாள்.

“ரக்கூன் எங்க?” என்றாள் ட்ரஸ்காட்டிடம்.

“இருந்துச்சு! போட்டோ இருக்கு! என்னைக் கேக்காம இவங்க என் கூரையில கை வெச்சிருக்காங்க!”

“வேலை சுத்தமா இருக்கே. யார் பண்ணது?”

“நான்தான்” என்றேன்.

அப்போது அது கேட்டது. செங்கல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கீச், கீச், தொடர்ந்து தடதடவென்று பரணில் ஓடுகிற சத்தம். ஏழு வாரக் குட்டிகள் ஐந்தும் சுவரேறிக் குதித்து விளையாடுகிற நேரம். அவற்றை அப்போதே தூக்கி முத்தம் கொடுத்திருப்பேன்.

அம்ரா சுவரைப் பார்த்தாள். “அங்க யார் இருக்கா?”

“யாருமில்ல. காலி வீடு. புதுப்பிக்கிற வேலை நடக்குது” என்றார் ட்ரஸ்காட்.

“ஆள் வேலை செய்ற வீட்டுக்குள்ள ரக்கூன் குட்டி போட்டிருக்கா? திறங்க, பாக்கலாம்.”

“சாவி ஆபீஸ்ல இருக்கு. இன்னொரு நாள் பாக்கலாமே.”

வாசலில் குவால்டர் நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, வாரிய தலை. மடித்த காகிதத்தை அம்ராவிடம் நீட்டினான். “மேடம், இது இவர் கையெழுத்து. வேலை முடிஞ்சதும் நான் திரும்பி வரலாம்னு எழுதிக் குடுத்திருக்கார். சாவி என்கிட்ட இருக்கு. நான் கதவைத் திறந்தா நீங்க உள்ள வருவீங்களா?”

அவள் படித்தாள், திருப்பிப் பார்த்தாள். “நான் பூட்டைத் தொட மாட்டேன். குடியிருக்கிறவர் திறந்து கூப்பிட்டா வருவேன்.”

“அவன் குடியிருக்கிறவன் இல்ல! நான் போலீஸைக் கூப்பிடுவேன்!” என்று கத்தினார் ட்ரஸ்காட்.

“கூப்பிடுங்க சார். போன் இல்லன்னா என்னுது தரேன்” என்றேன்.

நாற்பத்தொன்றின் வாசலுக்குப் போய்க் குவால்டர் சாவியை எடுத்தான். சாவி இரண்டு முறை துவாரத்தைத் தவறவிட்டது. மூன்றாவது முறை உள்ளே போய்த் திரும்பியது. எல்லாவற்றையும் புதிதாக்கிக்கொண்டிருந்த மனிதர், பூட்டைக்கூட மாற்றியிருக்கவில்லை.

உள்ளே பழைய காற்று. ஜன்னல் காகிதத்தின் வழியே பழுப்பு வெளிச்சம். சமையலறையில் அதே பச்சைத் தரை, அடுப்புக்குப் பக்கத்தில் அதே விரிசல், சுவரில் அதே மஞ்சள் பெயிண்ட். ஓர் ஆணி அடித்திருக்கவில்லை, ஒரு கம்பி இழுத்திருக்கவில்லை. சுவரில் மீன் கடைக் காலண்டர் போன வருட மார்ச்சிலேயே நின்றிருந்தது. கழுவும் தொட்டியில் அவன் கடைசியாகக் காப்பி குடித்த கோப்பை, தூசி மூடிக் கிடந்தது. குவால்டர் அதை எடுத்தான், குழாயைத் திறந்து பார்த்தான், தண்ணீர் வரவில்லை. சட்டை நுனியால் துடைத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தான்.

“பதினாலு மாசம், மேடம். வாஷிங் மெஷின் பக்கத்துல படுத்துக்கிட்டு, இங்க சுவரெல்லாம் புதுசா வந்துட்டிருக்குன்னு நினைச்சேன்.”

அம்ரா அறை அறையாகப் போட்டோ எடுத்தாள். நான் என் நோட்டீஸை அவளிடம் நீட்டினேன். “சமையலறை, கம்பி, சுவர். இங்க நடந்த அதே வேலைதான் எனக்கும் நடக்கப்போகுதாம். பாத்துக்கங்க.” அவள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு ட்ரஸ்காட்டைப் பார்த்து, “ரக்கூன் பாக்கக் கூப்பிட்டதுக்கு நன்றி. நான் பாத்த எல்லாத்தையும் எழுதறேன்” என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டவன் முழிப்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றார் அவர், குரல் கம்மிப்போய்.

குவால்டர் மேசைக்கு அடியிலிருந்து நாற்காலியை இழுத்தான், தூசியைத் தட்டினான், உட்கார்ந்தான். “நான் போகல.”

“ரக்கூன் இருக்கிற வீட்ல எப்படி இருப்ப?”

“பிள்ளைகுட்டிக்காரி சார். நான் இருந்துப்பேன்.”

அன்று சாயங்காலமே மகளின் காரில் இரண்டு பெட்டியும் மலையிறங்கி வந்தன. தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிடும்வரை என் வீட்டிலிருந்து வாளியில் எடுத்துப் போனான். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் ட்ரஸ்காட் என்னை வெளியேற்றக் கேட்டிருந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு நானும் குவால்டரும் பின்கட்டில் நின்று சத்தம் போட்டுக் கத்தினோம். எதிர்வீட்டு நாய் பயந்து குரைத்தது.

ஆகஸ்டில் முகமூடிக்காரி ஐந்து பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டு கூரையிலிருந்து இறங்கி, வேலியோரமாக ஆற்றுப்பக்கம் போனாள். அதுவரைக்கும் குவால்டர் அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மறுநாள் மறுபடி கயிறு, மறுபடி நான் கூரைமேல், கீழே அவன் “ஆணி வேணாம், ஸ்க்ரூ” என்று தொண்டை கிழிய. நாற்பத்தொன்றின் ஓட்டையில் சோதித்துப் பார்க்கக் காகிதம் திணிக்க வேண்டும். செய்தித்தாளைக் கீழேயே மறந்துவிட்டிருந்தேன். சட்டைப் பையில் ட்ரஸ்காட்டின் நோட்டீஸ் இருந்தது, ‘கூரையைத் தொடாதே’ என்ற வரியோடு. அதைக் கசக்கி நன்றாக உள்ளே திணித்தேன்.

மூன்று நாள் கழித்து ஏறிப் பார்த்தேன். நோட்டீஸ் வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை. நாங்களும்தான்.